தாலிக்குப் பின்னால் வரும் கெட்டிமேளம்

போனில் எடுத்த வீடியோவை டிவிடியாக மாற்ற எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியதை முழுவதும் படித்தால் உங்கள் சிக்கல் சாஃப்ட்வேர் இல்லை. கடலூர் பக்கத்துக் கோயில் ஊரான திருவந்திபுரத்தில் நடந்த தங்கை கல்யாணம், மொத்தம் 95 நிமிட வீடியோ. முதல் 70 நிமிடம் ஸ்டாண்டில் நிறுத்திய ஒரே போன். மீதி 25 நிமிடம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 18 துண்டுகள். முத்தியால்பேட்டை வீட்டில் ஆயா (பாட்டி) தன் பழைய டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று சாஃப்ட்வேரில் மாற்றியும் ஒரே கோளாறு. தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, 20-ஆவது நிமிடத்தில் ஒலி ஒரு விநாடி பிந்துகிறது, 45-ஆவது நிமிடத்தில் தாலி கட்டி மூன்று விநாடி கழித்துத்தான் கெட்டிமேளம் கேட்கிறது. நண்பர் சொன்னபடி ஒலியை 0.1 சதவீதம் வேகப்படுத்தினீர்கள். தாலி சரியாகிவிட்டது. ஆனால் கடைசியில் பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்யும் இடத்தில் இப்போது பேச்சு வாய்க்கு முன்னால் ஓடுகிறது. ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை ஏன் கெடுகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குப் பதில் சொல்கிறேன். சாஃப்ட்வேர் பெயர்கள் வழியில் வந்துவிடும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறவன். விஎச்எஸ் கேசட் காலத்தில் தொடங்கியது, அப்புறம் மினிடிவி (MiniDV) டேப், மெமரி கார்டு, இப்போது பாதி வேலை இப்படிப் போனில் எடுத்து வருகிறதுதான். சிங்க் (படமும் ஒலியும் பொருந்தி ஓடுவது) போய்விட்டது என்று என்னிடம் வரும் ஃபைல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே யாரோ ஒருவர் ஒருமுறை திருத்தியவை. அதுதான் தொல்லையே. முதல் கோளாறைவிட அதன் மேல் போட்ட திருத்தத்தை அவிழ்க்கத்தான் அதிக நேரம் போகும்.

உங்கள் போனும் டிவிடியும் நேரத்தை வேறு வேறு விதமாக வைத்துக்கொள்கின்றன. டிவிடிக்கு ஒரே காலப்பிரமாணம்தான். நம் ஊர் வழக்கமான பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப்படம். ஒவ்வொன்றும் சரியாக 40 மில்லிவிநாடி நிற்கும். அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் 29.97 ஃப்ரேம். எதை எடுத்தாலும் தட்டு முழுக்க அதே நடைதான், நடுவில் மாறாது. போன் அப்படி இல்லை. 30 என்று போட்டிருந்தாலும் அது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் ஒரு ஃப்ரேமைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைக்கும், அடுத்தது தள்ளி வரும். போன் சூடானாலோ வேறு வேலையில் மாட்டிக்கொண்டாலோ ஓரிரண்டைத் தவறவிடும். இதற்குத்தான் வேரியபிள் ஃப்ரேம்ரேட் என்று பெயர். ஒலி மட்டும் விநாடிக்கு 48,000 மாதிரிகள் (சாம்பிள்) என்று விடாமல் சீராகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். போனிலேயே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் பிளேயர் அந்த நேரக் குறிப்பைப் பார்த்துக் காட்டுகிறது. மாற்றும் சாஃப்ட்வேர் குறிப்பைப் பார்க்காமல், வந்த ஃப்ரேம்களை எல்லாம் வரிசையாக எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால், விடுபட்ட ஃப்ரேம்களின் நேரம் படத்திலிருந்து காணாமல் போகும். படம் குட்டையாகும், ஒலி நீளம் அப்படியே இருக்கும். விளைவு: படம் முந்தும், ஒலி பிந்தும். உங்களுக்கு நடந்தது அந்தத் திசைதான்.

எத்தனை ஃப்ரேம் போயிருக்க வேண்டும் என்று பாருங்கள். 45 நிமிடம் என்பது 2,700 விநாடி, 30 வீதம் 81,000 ஃப்ரேம். அதில் 90 குறைந்தால் போதும், மூன்று விநாடி போய்விடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத அளவு.

இப்போது நண்பரின் 0.1 சதவீதக் கணக்கு. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் முதலில் அதைத்தான் நினைத்திருப்பேன். 30 ஃப்ரேமையும் 29.97 ஃப்ரேமையும் குழப்பிக்கொண்டால் வரும் பிழை சரியாக ஆயிரத்தில் ஒன்று. மணிக்கு 3.6 விநாடி. 20-ஆவது நிமிடத்தில் 1.2 விநாடி, 45-ஆவது நிமிடத்தில் 2.7 விநாடி. நீங்கள் சொன்ன ஒன்று, மூன்று என்ற அளவோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தக் காரணம் உண்மையாக இருந்தால் பிழை அங்கே நிற்காது; 95-ஆவது நிமிடத்தில் 5.7 விநாடி ஆகியிருக்க வேண்டும். நீங்களோ போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: திருத்தும் முன் கடைசியிலும் அதே மூன்று விநாடிதான் பிந்தியிருந்தது என்று. உங்கள் பதிவில் முக்கியமான வரி அதுதான். மூன்று தேவைப்பட்ட இடத்தில் 5.7 விநாடி இழுத்துவிட்டீர்கள், மிச்சம் 2.7 விநாடி எதிர்ப்பக்கம் போய்ப் பேச்சு முந்துகிறது. பிழை முதல் பாதியில் வளர்ந்து, அப்புறம் நின்றுவிட்டிருக்கிறது. நேர்கோடாக வளராத பிழையை ஒரே அளவாக இழுக்கும் எந்தத் திருத்தமும் ஓர் இடத்தில்தான் பொருந்தும், மற்ற இடத்தில் கெடுக்கும்.

இதுவரை சொன்னது உறுதி. இனிச் சொல்வது, ஃபைலைப் பார்க்காமல் சொல்லும் ஊகம். முகூர்த்தம் விடியற்காலை என்கிறீர்கள். தொடக்கத்தில் இருட்டு, குழல் விளக்கு வெளிச்சம் மட்டும். போன் திணறித் திணறி ஃப்ரேமைத் தள்ளியிருக்கும். நன்றாக விடிந்ததும் 30 சீராகக் கிடைத்திருக்கும், பிழையும் வளராமல் நின்றிருக்கும். ஐபோனாக இருந்தால் கேமரா செட்டிங்கில் ஆட்டோ எஃப்பிஎஸ் என்று ஒன்று உண்டு; வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேமைக் குறைத்துக்கொள்வது அதன் வேலையே. அடுத்த கல்யாணத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். இன்னொரு காரணத்துக்கும் இடம் உண்டு: நடுவில் ஒரே இடத்தில் மொத்தமாகச் சில விநாடி விடுபட்டிருக்கலாம். ஆனால் அப்படியானால் பிழை படிப்படியாக ஏறாது, ஓர் இடத்தில் குதிக்கும். 20-ஆவது நிமிடத்தில் ஒன்று, 45-இல் மூன்று என்கிறீர்களே, அதனால் முதல் காரணத்துக்கே என் ஓட்டு. சோதிக்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். போனிலிருந்து வந்த அசல் ஃபைலை அதில் திறந்து பாருங்கள். ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருக்கும். மினிமம், மேக்ஸிமம் எண்களும் கீழேயே இருக்கும். பிறகு மாற்றிய ஃபைலையும் திறந்து, வீடியோவின் நீளமும் ஆடியோவின் நீளமும் எவ்வளவு என்று பாருங்கள். வீடியோ மூன்று விநாடி குட்டையாக இருந்தால் வேறு விசாரணை தேவையில்லை.

அளப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பாக அளந்துவிட்டு நாள் கணக்கில் அலைந்தவன் நான். எப்போதும் மூன்று இடத்தில் அளங்கள்: முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு, விண்டோஸிலோ லினக்ஸிலோ ஜே விசையை அழுத்தினால் ஒலி 50 மில்லிவிநாடி முந்தும், கே அழுத்தினால் அதே அளவு பிந்தும். பொருந்தும்வரை அழுத்திவிட்டுத் திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புளூடூத் இயர்போனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அதற்கே சொந்தமாகக் கால் விநாடி வரை தாமதம் இருக்கும். எதை வைத்துப் பொருத்துவது? கல்யாண வீடியோவில் எல்லாரும் கெட்டிமேளத்தைத்தான் பிடிப்பார்கள். திருவந்திபுரத்தில் அது ஆபத்து. முகூர்த்த நாளில் அங்கே ஒரே நேரத்தில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த ஜோடியின் கெட்டிமேளம் உங்கள் ஃபைலில் பதிந்திருக்கும். நான் ஒருமுறை இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரர் கல்யாண மேளத்தோடு என் மாப்பிள்ளையைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் ஐயர் வாயைத்தான் நம்புகிறேன். மகரமும் பகரமும் உதடு மூடாமல் வராது. 'மாங்கல்யம்' என்று தொடங்கும் இடத்தில் உதடு மூடித் திறக்கும் ஃப்ரேமும் அந்த ஒலியும் சேர்ந்தால் சேர்ந்ததுதான். தேங்காய் உடைப்பதும் நல்ல அடையாளம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள்: துணி கல்லில் பட்டபின்தான் சத்தம் வரும், நமக்கு அது விசித்திரமாகவே படாது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் சுமார்தான் ஓடும், கண்ணும் காதும் அதற்குப் பழகியவை. அதனால் ஒலி கொஞ்சம் பிந்தினால் பொறுத்துக்கொள்வோம், முந்தினால் உடனே உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையிலும் இது எண்ணாகவே இருக்கிறது: ஒலி 45 மில்லிவிநாடி முந்தினால் கண்டுபிடித்துவிடுகிறோம், பிந்துவது 125 மில்லிவிநாடி ஆனால்தான் கண்டுபிடிக்கிறோம். ஒரு ஃப்ரேம் முன்பின் என்றால் மெனக்கெடாதீர்கள். மேளக்காரர்கள் போனிலிருந்து 17 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் அசலிலேயே 50 மில்லிவிநாடி பிந்தித்தான் பதிந்திருக்கும். அதைத் திருத்தப் போனால் ஐயர் கெட்டுப்போவார்.

சரி, செய்ய வேண்டியது. இதுவரை மாற்றிய ஃபைல்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு அசலுக்குப் போங்கள். குட்டையாகிப்போன படத்தில் எந்த 90 ஃப்ரேம் எந்த இடத்தில் விடுபட்டது என்ற தகவல் இனி இல்லை, அது அசலின் நேரக் குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது. அசலை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் திறந்து, வீடியோ பக்கத்தில் ஃப்ரேம்ரேட்டை 29.97 என்று தேர்ந்தெடுத்து, அதன் கீழே இருக்கும் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்பதைக் கட்டாயம் தொடுங்கள். வழக்கமாக அது பீக் என்று இருக்கும், அதாவது வேரியபிளாகவே விடும். ஹேண்ட்பிரேக்கிலும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை என்று சிலர் சொல்வதற்கு இதுதான் காரணம். உங்கள் மூன்றில் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். கான்ஸ்டன்ட் என்று சொன்னதும் அது நேரக் குறிப்பைப் படித்து, ஃப்ரேம் இல்லாத இடத்தில் முந்தைய ஃப்ரேமையே இன்னொரு முறை வைத்து நிரப்பும், அதிகமாக இருக்கும் இடத்தில் ஒன்றை விடும். ஒலியை யாரும் தொடவில்லை, படம்தான் தன் நீளத்துக்குத் திரும்புகிறது. தர எண் 18 அல்லது அதற்குக் கீழே (எண் குறைந்தால் தரம் கூடும்), ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ். இது இடைநிலை ஃபைல்தான், பெரிதாக இருந்தால் பரவாயில்லை.

பாலுக்குப் போகாமல் 29.97 ஏன் என்று கேட்பீர்கள். நம் பக்கத்து மிக்ஸிங் கடைகளில் கேட்டால் பால்தான் என்பார்கள், கேமரா எல்லாம் 25 ஃப்ரேமில் ஓடிய காலத்துப் பழக்கம். போன் 30 எடுக்கிறது. அதை 25 ஆக்க ஆறு ஃப்ரேமில் ஒன்றைத் தூக்கிப்போட வேண்டும். சிங்க் கெடாது, ஆனால் மணமக்கள் அக்கினியைச் சுற்றி வரும்போது நடை வெட்டி வெட்டித் தெரியும். இங்கே விற்ற டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டு முறையையும் ஓட்டும். பழைய குழாய் டிவிகளில் சிலவற்றில் மட்டும் என்டிஎஸ்சி போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். ஆயா வீட்டு டிவி அப்படிப்பட்டதானால் பாலுக்கே போங்கள், ஹேண்ட்பிரேக்கில் 25 என்று மாற்றினால் போதும். இது அழகு பற்றிய என் அபிப்பிராயம், சிங்க் பற்றியது இல்லை.

வாட்ஸ்அப் துண்டுகளை அப்படியே ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும்போது தன் இஷ்டத்துக்கு மறுபடியும் எழுதுகிறது. முடிந்தால் அனுப்பியவர்களிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். துண்டுகளை மறுபடி ரெண்டர் செய்யாமல் (முழுதாகப் புதிதாய் எழுதாமல்) வால்பக்கம் வால்பக்கமாக ஒட்டும் சாஃப்ட்வேர்களில் இன்னொரு கோளாறும் உண்டு. போன் ஒலியைச் சேமிக்கும் ஏஏசி முறை 1,024 மாதிரிகளை ஒரு கட்டாகக் கட்டுகிறது. 48,000-இல் அது 21 மில்லிவிநாடி. அதனால் ஒரு துண்டின் படம் முடியும் இடத்திலேயே அதன் ஒலியும் முடியும் என்று சொல்ல முடியாது. 18 துண்டுகளில் அந்த மிச்சம் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தால் விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போய்விடும். ஒவ்வொரு துண்டையும் முன் சொன்னபடி கான்ஸ்டன்ட் ஆக்கி, ஷாட்கட் போன்ற எடிட்டரில் டைம்லைனில் வைத்து ஒரே ரெண்டராக எடுங்கள். ஷாட்கட் வேரியபிள் ஃபைலைக் கண்டால் தானே நிறுத்தி, மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்வியை நோ கொடுத்துத் தாண்டாதீர்கள்.

டிவிடி ஆக்க டிவிடிஸ்டைலர் போதும், இலவசம். புராஜெக்ட் தொடங்கும்போதே என்டிஎஸ்சியா பாலா என்று சரியாகக் கொடுத்துவிடுங்கள். ஆடியோ ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ், 192 அல்லது 224 கிலோபிட். பிட்ரேட்டை (விநாடிக்கு எவ்வளவு தகவல் என்பதை) கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 95 நிமிடம் 5,700 விநாடி, 4.7 ஜிபி தட்டில் விநாடிக்கு மொத்தம் 6.6 மெகாபிட் கிடைக்கும். ஒலிக்கும் மற்றதற்கும் விட்டதுபோகப் படத்துக்கு 6 வையுங்கள், உச்சம் 8-ஐத் தாண்ட வேண்டாம். டிவிடி விதிப்படி 9.8 வரை போகலாம்தான். ஆனால் பழைய பிளேயரின் லென்ஸ் விலை குறைந்த தட்டில் அந்த வேகத்துக்கு மூச்சு வாங்கும். படம் நின்று, ஒலி ஓடி, பிறகு இரண்டும் தாறுமாறாகச் சேரும். அதையும் சிங்க் பிழை என்றே நினைத்துக்கொள்வோம். ஒரே தட்டை இரண்டு முறை போட்டால் கோளாறு வேறு வேறு இடத்தில் வருகிறதா? அப்படியானால் ஃபைலில் தேடாதீர்கள், அது தட்டும் பிளேயரும்.

கம்ப்யூட்டரில் சரியாக ஓடும் தட்டு ஆயா வீட்டில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகினால் அதுவும் வேறு கதை. எல்இடி டிவிகள் படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஒலி டிவியின் ஸ்பீக்கரிலேயே வந்தால் டிவி இரண்டையும் சேர்த்துத் தாமதப்படுத்திச் சமாளிக்கும். பிளேயரிலிருந்து ஒலியை மட்டும் தனி வயரில் ஹோம் தியேட்டருக்குக் கொடுத்திருந்தால் ஒலி முந்தும். டிவியில் கேம் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள், அல்லது ஹோம் தியேட்டரில் ஆடியோ டிலே என்று இருந்தால் ஏற்றுங்கள். ஃபைலில் கை வைக்க வேண்டாம்.

ஒலியை இழுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை, அதற்கென்று இடம் உண்டு. கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிய காலத்தில் படம் டியூனர் கார்டு வழியாகவும் ஒலி சவுண்ட் கார்டு வழியாகவும் உள்ளே போகும். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 0.36 விநாடி விலகும், ஆனால் சீராக விலகும். நாதஸ்வரத்துக்குத் தனி ரெக்கார்டர் வைத்தாலும் இதே கதைதான். மூன்று இடத்தில் அளந்து, நடுவில் பிழை கடைசிப் பிழையில் சரிபாதி என்றால் தயங்காமல் இழுக்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் இதற்கு இரண்டு வழி. சேஞ்ச் டெம்போ சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றும், ஆனால் தவில் அடி போன்ற கூர்மையான ஒலிகள் மழுங்கும். சேஞ்ச் ஸ்பீட் (புதிய பதிப்புகளில் சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்) சுருதியையும் சேர்த்து மாற்றும். 0.2 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஸ்பீட்தான் என் தேர்வு, அந்த அளவு சுருதி மாற்றம் யார் காதுக்கும் எட்டாது. பெரிய பிழை என்றால் முதலில் காதால் கேளுங்கள். 44,100-இல் பதிந்த ஒலியை 48,000 என்று தப்பாக எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 55 நிமிடத்தில் முடிந்துவிடும், நாதஸ்வரம் முக்கால் கட்டை ஏறி ஒலிக்கும். அங்கே இழுப்பது திருத்தமே இல்லை, சரியான எண்ணைச் சொல்லித் திறந்தால் தானாகச் சரியாகும்.

அப்புறம் கேசட் காலத்தில் இன்னொன்று. கடல்காற்றில் கிடந்து பூஞ்சை பிடித்த டேப்பை ஏற்றும்போது படம் கலங்கிய இடத்திலெல்லாம் ஃப்ரேம் விழும். 25 விழுந்தால் ஒரு விநாடி. இது உங்கள் ஃபைலின் அதே நோய்தான், ஆனால் அங்கே நேரக் குறிப்பு எதுவும் இல்லாததால் மருந்தில்லை. அப்படி வந்த ஒரு கல்யாணத்தைக் கடைசியில் ஒவ்வொரு கலங்கலிலும் வெட்டி, பதினோரு துண்டாக்கி, ஒவ்வொன்றின் ஒலியையும் கையால் நகர்த்தித்தான் முடித்தேன். அதற்கு முன்பு அதையும் ஒரே இழுப்பில் சரிசெய்யப் பார்த்து, முகூர்த்தத்தை மட்டும் போட்டுக் காட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் பெண்ணின் அப்பா தட்டோடு வந்து கடைவாசலில் நின்றார். நலங்குப் பாட்டுக்கு யாரோ வாயசைக்கிறார்கள், யாரோ பாடுகிறார்கள் தம்பி, என்றார். உங்கள் அசல் போன் ஃபைல் இருக்கும்வரை அந்தக் கத்தரி வேலை உங்களுக்கு வராது.

தட்டில் எழுதும்போது முதலில் மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டு ஒன்றில் போடுங்கள். ஆயாவின் பிளேயர் அதைப் படிக்கவில்லை என்றால் சாதாரணத் தட்டில் 4 அல்லது 8 வேகத்தில். அவர் வீட்டு பிளேயரில், அவர் டிவியில், முதல் ஐந்து நிமிடம், 45-ஆவது நிமிடம், கடைசி ஆசீர்வாதம் என்று மூன்று இடத்தையும் பாருங்கள். அப்போதும் விலகினால் மூன்று அளவுகளையும், மீடியாஇன்ஃபோவில் அசலுக்கு வரும் ஃப்ரேம் ரேட் மோட், மினிமம், மேக்ஸிமம், வீடியோ நீளம், ஆடியோ நீளம் ஆகியவற்றையும் இங்கேயே எழுதுங்கள். வீடியோவையே அனுப்ப வேண்டாம், எண்கள் போதும்.